ஒரே வேலை, மூன்று சம்பளம்

பிளஸ் டூ முடித்த பிள்ளையை லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்ப்பதா, எக்ஸ்ரே படிப்பா, பிசியோதெரபியா என்று யோசிக்கும் திருத்தணிக் குடும்பங்கள் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி, ‘முடிச்சா என்ன சம்பளம் வரும்?’ என்பதுதான். கடன் வாங்கிப் படிக்கவைக்கிறவர்களுக்கு இதைவிட முக்கியமான கேள்வி இல்லை. கல்லூரி விளம்பரம் ஒரு தொகையைச் சொல்கிறது. ஏற்கெனவே வேலையில் இருக்கும் உறவுக்காரப் பிள்ளை வேறொரு தொகையைச் சொல்கிறது. இரண்டில் ஒன்று பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. துணை மருத்துவப் பணிகளில் சம்பளத்தைத் தீர்மானிப்பது படித்த படிப்பைவிட, எந்த வகை ஆணையில் வேலைக்குச் சேர்ந்தோம் என்பதே. இந்த ஏற்பாடு தவறு என்பது என் கருத்து. எண்களை வைத்தே அதைச் சோதிக்கலாம்.

மருந்தாளுநர் பணியிலிருந்து தொடங்குகிறேன். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் காலமுறை ஊதியத்தில் சேரும் மருந்தாளுநருக்கு அடிப்படை ஊதியம் 35,400 ரூபாய். 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்த 55 சதவீத அகவிலைப்படியைச் சேர்த்தால் அப்போது 54,870. வீட்டு வாடகைப்படி தனி. அதே டி.பார்ம் படித்தவர் மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் வழியே ஒப்பந்தத்தில் சேர்ந்தால், அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகள்படி 15,000 ரூபாய் தொகுப்பூதியம். அகவிலைப்படி கிடையாது. 11 மாத ஒப்பந்தம்; பணி நிரந்தரம் கேட்க மாட்டேன் என்று கடிதமும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஊருக்குள் மருந்துக் கடையிலோ சின்ன நர்சிங் ஹோமிலோ சேர்ந்தால் தொடக்கத்தில் 8,000 முதல் 12,000 வரை பேசுவதுதான் வழக்கம். மூன்று இடத்திலும் வேலை ஒன்றேதான். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாதாந்திர மாத்திரை வாங்க வரிசையில் நிற்பவரின் சீட்டைப் படித்து, அளவு சரிதானா என்று பார்த்து, எடுத்துக் கொடுத்து, இருப்புப் பதிவேட்டில் கழிக்க வேண்டும். இன்சுலின் வைத்த குளிர்பெட்டி ஓடுகிறதா என்று பார்ப்பதும் அவர் பொறுப்பு. வரிசையில் நிற்பவருக்கு, எதிரே நிற்கும் மருந்தாளுநர் எந்த வகை ஆணையில் வந்தவர் என்று தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

எக்ஸ்ரே அறையில் நிலைமை இன்னும் மோசம். அங்கே இருட்டறை உதவியாளர் என்று ஒரு பதவி உண்டு. பிலிம் கழுவிய காலத்தில் உருவானது. தேர்வு வாரியம் வழியே காலமுறை ஊதியத்தில் வருபவருக்கு அடிப்படை 19,500, அதே 55 சதவீத அகவிலைப்படியோடு 30,225. படம் எடுக்கும் பொறுப்பு முழுவதையும் ஏற்கும் ரேடியோகிராபர் ஒப்பந்தத்தில் இருந்தால் அவருக்கு 13,300. நோயாளியைச் சரியான கோணத்தில் நிறுத்துவது, கதிர்வீச்சு அளவை முடிவு செய்வது, வந்திருப்பவர் கர்ப்பிணியா என்று மறக்காமல் கேட்பது எல்லாம் இவர் வேலை. சட்டையில் டி.எல்.டி. பேட்ஜ் குத்திக்கொண்டு, தன் உடம்பில் ஏறும் கதிர்வீச்சுக்கும் கணக்கு வைத்தபடி வேலை செய்கிறவர் இவர். உதவியாளருக்குக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்பது என் குறை அல்ல. அவருக்குக் கிடைப்பது நியாயமான தொகை. அதில் பாதிகூட ரேடியோகிராபருக்குக் கிடைக்கவில்லை என்பதே குறை.

படிப்புக்கு ஏற்ற சம்பளம் என்ற வாதமும் இங்கே நிற்காது. லேப் டெக்னீஷியன் படிப்பு இரண்டு ஆண்டு டிப்ளமோ. பிசியோதெரபி, பயிற்சிக் காலத்தோடு நான்கு ஆண்டுக்கும் மேலான பட்டம். ஒப்பந்தப் பட்டியலில் இருவருக்கும் ஒரே 13,000. மாதம் 26 வேலைநாள் என்று வைத்தால் நாளுக்கு 500 ரூபாய். திருத்தணியில் வீடு கட்டும் இடத்தில் கொத்தனாரின் நாள் கூலி இதைவிடக் கூடுதல். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பக்கவாதம் வந்து படுத்தவரின் வீட்டுக்கே போய்க் கை கால்களை அசைக்கப் பழக்குகிற பிசியோதெரபிஸ்ட்டின் சம்பளமும் இதே அளவுதான். 2024-இல் ஐக்கிய நாடுகள் சபை அமைப்பின் விருது பெற்ற திட்டம் அது. அந்தப் பெருமையில் பெரும்பங்கு வீடு வீடாகப் போனவர்களுடையது. அமெரிக்காவில் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை ஆண்டுதோறும் ஒவ்வொரு தொழிலின் நடுமட்டச் சம்பளத்தையும் வெளியிடுகிறது. 2023 மே கணக்கில் பிசியோதெரபிஸ்ட்டுக்கு ஆண்டுக்கு 99,710 டாலர், ஆய்வகப் பணியாளருக்கு 60,780 டாலர். தொகையை ஒப்பிடுவது நம் நோக்கமல்ல. விலைவாசி வேறு, நாடு வேறு. ஆனால் படிப்புக்கும் பொறுப்புக்கும் ஏற்ற ஒரு வரிசை அந்தக் கணக்கில் தெரிகிறது. நம் 13,000-இல் அப்படி எந்த வரிசையும் இல்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. திருத்தணியில் பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் நகரி, ஆந்திரம். அங்கே மாவட்ட மருத்துவ அலுவலகங்கள் ஒப்பந்த லேப் டெக்னீஷியனுக்கு வெளியிட்ட அறிவிப்புகளில் மாதம் 32,670 ரூபாயைப் பார்க்கலாம். 2022 ஊதியத் திருத்தத்தில் காலமுறை ஊதியத்தின் அடிமட்டமாக வைத்த தொகை அது. ஆந்திராவைப் பொற்காலமாகக் காட்டுவது என் எண்ணமல்ல. அங்கேயும் அவுட்சோர்ஸிங்கில் வரும் மருத்துவமனை உதவியாளருக்கு 15,000தான். ஆனால் ஒப்பந்தமாகவே வைத்துக்கொண்டாலும் அடிப்படை ஊதியத்தைக் கொடுக்க முடியும் என்பதற்கு எல்லைக்கு அந்தப் பக்கமே சான்று இருக்கிறது. நம் பிள்ளைகள் அங்கே போய்ச் சேர்வதும் எளிதல்ல. அரசியல் சட்டத்தின் 371-டி பிரிவின்படி 1975-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, பெரும்பாலான இடங்களை அந்தப் பகுதியில் படித்தவர்களுக்கே ஒதுக்குகிறது. மொழி உரிமைக்காக ம.பொ.சி. போன்றவர்கள் போராடி, 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்த ஊர் திருத்தணி. அந்தச் சேர்க்கையில் எனக்குப் பெருமை உண்டு. பெருமை உண்டு என்பதால்தான் எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்குக் குறைவாகக் கிடைப்பதை ஏற்க முடியவில்லை.

அரசுத் தரப்பு வாதங்களையும் எடை போட வேண்டும். இந்த ஒப்பந்தச் சம்பளம் வரும் தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் பணம் ஒன்றியமும் மாநிலமும் 60:40 விகிதத்தில் போடுவது. திட்டம் நிற்கலாம், அதனால் நிரந்தரப் பதவி தர முடியாது என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் நிரந்தரமாக்க முடியாது என்பதற்கும் பாதிக்கும் குறைவாகக் கொடுப்பதற்கும் தொடர்பு இல்லை. நாளை போய்விடக்கூடிய வேலைக்கு இன்று கூடுதலாகக் கொடுப்பதே நியாயம். 2016 அக்டோபரில் ஜக்ஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், நிரந்தரப் பணியாளர் செய்யும் அதே வேலையைச் செய்யும் தற்காலிகப் பணியாளருக்கு அந்தப் பதவியின் அடிமட்ட ஊதியம் உண்டு என்று சொல்லிவிட்டது. மருந்தாளுநர் கணக்கில் அது 35,400.

படித்தவர்கள் அதிகம், இடம் குறைவு; சந்தை தரும் விலை இது என்பது இரண்டாவது வாதம். தனியார் லேப்புக்கு இது ஓரளவு பொருந்தும். வருமானம் குறைந்த சின்ன லேப் முதலாளியால் 35,000 கொடுக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சந்தைக்கு அடிவிலை வைப்பதே அரசுதான். அரசே 13,000 கொடுக்கும்போது, தனியார் 9,000 கொடுத்துவிட்டு ‘இங்க வேலை கத்துக்கலாம்’ என்று சொல்ல வழி பிறக்கிறது. செவிலியருக்கு மட்டும் ஓர் அளவுகோல் வந்தது. 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் 20,000-க்குக் கீழே போகக் கூடாது என்றது. நர்சுகள் போராடிய கேரளம் 2018-இல் அதைக் குறைந்தபட்ச ஊதியமாகவே அறிவித்தது. லேப் டெக்னீஷியனுக்கும் ரேடியோகிராபருக்கும் அப்படி ஒரு குழுவை யாரும் அமைக்கவில்லை. இவர்களுக்காகவே 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய ஆணையச் சட்டம் படிப்பு நேரத்தையும் பதிவையும் விரிவாகப் பேசுகிறது: 2,000 மணி நேரம், 3,600 மணி நேரம் என்று வரையறுக்கிறது. சம்பளம் பற்றி எதுவும் சொல்லவில்லை.

ஆகவே, காலமுறை ஊதியத்தில் கிடைப்பது இந்த வேலைகளுக்குத் தகுந்த சம்பளமே. அது சலுகை அல்ல. தொகுப்பூதியம் அநீதி, அதைப் பதவியின் அடிமட்ட ஊதியத்துக்கு உயர்த்தியாக வேண்டும். தனியாருக்குப் படுக்கை எண்ணிக்கையைப் பார்த்து, செவிலியருக்குச் சொன்னது போலவே படிப்படியான அடிமட்டம் வேண்டும். அது வரும்வரை பெற்றோருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். அரசு மருத்துவக் கல்லூரிகளில் குறைந்த கட்டணத்தில் டிப்ளமோ இடம் கிடைத்தால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். தனியாரில் லட்சக்கணக்கில் கட்டிச் சேர்ப்பதாக இருந்தால், 13,000-இல் அந்தக் கடனை எத்தனை வருஷத்தில் அடைக்க முடியும் என்று ஒரு தாளில் கணக்குப் போட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.