படத்திற்கும் பாயிரம் வேண்டும்

நூலொன்றைக் கற்கப் புகுவோர் முதலில் அதன் பாயிரத்தை அறிதல் வேண்டும் என்பது தமிழ் இலக்கண மரபு. சிறப்புப் பாயிரம் கூறவேண்டிய எட்டுச் செய்திகளுள் நூலை ஆக்கியோன் பெயரையே நன்னூலார் முதலாவதாக வைத்தார். நூல் எவ்வழி வந்தது, எந்நிலத்தில் வழங்குவது, எதனைப் பற்றியது, யாருக்கென இயற்றப்பட்டது என்பனவும் அவற்றுள் அடங்கும். ஆசிரியருக்குப் பெருமை தேடித் தருதல் மட்டுமே இவ்விதியின் நோக்கம் எனக் கொள்ளல் பொருந்தாது. யார், எங்கிருந்து, யாரை நோக்கிப் பேசுகின்றார் என்பதை அறியாது ஒரு கூற்றின் பொருளை முற்றாக விளங்கிக்கொள்ள இயலாது என்ற தெளிவு இதன் பின்னால் உண்டு. பெயர் அறியப்படாத புலவர்களுக்கு அவர்தம் பாடலில் வரும் தொடரையே பெயராக வழங்கிய மரபையும் இவ்விடத்து நினைவுகூரலாம். குறுந்தொகையின் செம்புலப்பெயனீரார், அணிலாடுமுன்றிலார் என்னும் பெயர்கள் அவ்வாறு தோன்றியனவே.

இத்தகைய மரபுக்கு உரியோர் இன்று புகைப்படங்களை எவ்வாறு கையாளுகின்றனர்? இணையத்தில் நாள்தோறும் கைமாறும் படங்களுட் பெரும்பாலானவை எடுத்தவர் பெயரின்றியே கைமாறுகின்றன. இதற்கு இருவகை நியாயங்கள் கூறப்படுவதுண்டு. இணையத்தில் உள்ளது யாவர்க்கும் பொது என்பது ஒன்று. அது சோம்பலின் மறுபெயரேயாதலின் விரிவான மறுப்பை வேண்டி நிற்பதன்று. மற்றையது சற்றுக் கனதியானது. கலை மக்களுக்குரியது, கலைஞரின் பெயரை வலியுறுத்துவது தனியுடைமை மனோபாவத்தின் வெளிப்பாடு, எனவே பெயரின்றிப் பகிர்வதே முற்போக்கானது என்பது அவ்வாதம். பல்கலைக்கழக வளாகங்களில் இவ்வாதத்திற்கு ஒரு கவர்ச்சி உண்டு. ஆதலின் முற்போக்காளர் யாவரும் அறிந்த ஒரு படத்தைக் கொண்டே இதனைப் பரிசீலித்தல் தகும்.

1960 மார்ச் 4ஆம் திகதி ஹவானாத் துறைமுகத்தில் லா கூப்ர் என்னும் பிரெஞ்சுக் கப்பல் வெடித்துப் பலர் மாண்டனர். மறுநாள் நடைபெற்ற அஞ்சலிக் கூட்டத்தைப் படம்பிடிக்க 'ரெவொலூசியோன்' பத்திரிகையின் சார்பிற் சென்றிருந்தவர் அல்பேர்ட்டோ கோர்டா. மேடையின் முன்புறத்திற்குக் கணப்பொழுது வந்து நின்ற சே குவேராவை அவர் படம்பிடித்தார். பத்திரிகை அப்படத்தை அன்று வெளியிடவில்லை. காஸ்ட்ரோவின் படத்திற்கும், அங்கு வந்திருந்த சார்த்தர், சிமோன் த பொவுவா ஆகியோரின் படத்திற்குமே இடம் கிடைத்தது. கோர்டா படத்தைத் தம் கலைக்கூடச் சுவரிற் தொங்கவிட்டார். 1967இல் இத்தாலிய வெளியீட்டாளர் பெல்ட்ரினெல்லிக்கு அதன் இரு பிரதிகளை அவர் விலையின்றிக் கொடுத்தார். அவ்வாண்டு ஒக்டோபரில் சே கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அப்படம் சுவரொட்டியாகப் பெருந்தொகையில் அச்சாகி ஐரோப்பாவெங்கும் பரவியது. கோர்டாவுக்கு உரிமைத்தொகை எதுவும் கிடைக்கவில்லை.

மூலப்படத்தை ஊன்றி நோக்குவோர்க்கு அதில் ஒரு சூழல் தெரியும். ஒருபுறம் வேறொரு மனிதரின் பக்கத்தோற்றமும், மறுபுறம் பனையினத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் ஓலைகளும் உள்ளன. கோர்டா தாமே அவ்விரண்டையும் வெட்டி நீக்கி முகத்தைத் தனியே நிறுத்தினார். அம்முகத்திற் காணப்படுவது வெற்றிக் களிப்பன்று. இறந்தோர் முன்னிலையில் ஒருவர் அடக்கிக்கொண்ட துயரமும் சினமுமே அங்கு உறைந்துள்ளன. 1968இல் அயர்லாந்து ஓவியர் ஜிம் பிட்ஸ்பற்றிக் இதனைச் செந்நிறப் பின்னணியிற் கறுப்புக் கோடுகளாக வரைந்தார். கண்களைச் சற்று மேல்நோக்கித் திருப்பியதாக அவரே கூறியுள்ளார். எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அவ்வோவியத்தை உலவவும் விட்டார். ஓவியம் என்ற வகையில் அது வலிமையானதே. ஆயினும், ஒளிக்கும் நிழலுக்கும் இடைப்பட்ட சாயல்கள் மறைந்தபொழுது அஞ்சலிக் கூட்டத்தின் துயரமும் உடன் மறைந்தது. எஞ்சியது காலமும் இடமும் அற்ற ஒரு வீரமுகம். அத்தகைய முகத்தை எப்பொருளின் மீதும் ஒட்டிவிடலாம்.

ஒட்டியும் விட்டனர். சட்டை, கோப்பை, சாவிக்கொத்து எனத் தொடங்கி, 2000ஆம் ஆண்டளவிற் பிரித்தானியாவில் ஸ்மிர்னோவ் வொட்கா விளம்பரம் வரை அது சென்றது. அதுவரை பொறுத்திருந்த கோர்டா அப்பொழுது வழக்குத் தொடுத்தார். வழக்கு நீதிமன்றத்திற்கு வெளியே இணக்கமாக முடிந்தது. கிடைத்த ஏறத்தாழ 50,000 டொலரைக் கியூபாவின் மருத்துவத் தேவைக்கு அவர் அளித்தார். சேயின் நினைவையும் சமூகநீதிக் கொள்கையையும் பரப்புவோர் அப்படத்தைப் பயன்படுத்துவதற்குத் தாம் எதிரானவர் அல்லர் என்பதும், மது போன்ற பொருள்களை விற்பதற்கு அதனைப் பயன்படுத்துவதையே எதிர்க்கின்றார் என்பதும் அவருடைய நிலைப்பாடு. அடுத்த ஆண்டு, 2001 மே மாதத்தில், அவர் பாரிசிற் காலமானார்.

இவ்வரலாறு மேற்கூறிய வாதத்தின் குறைபாட்டைத் தெளிவாகக் காட்டுகின்றது. கோர்டா படத்தைத் தனியுடைமையாகப் பூட்டி வைத்தவரல்லர். நாற்பது ஆண்டுகள் கைந்நீட்டாது கொடுத்தவர். கொடுத்தல் வேறு, கொடுத்தவர் பெயரை அழித்தல் வேறு. பொருளை முன்னிறுத்தி அதனை ஆக்கிய உழைப்பாளியை மறைத்தல் சந்தையின் இயல்பு என்பதை முற்போக்குத் திறனாய்வு நெடுங்காலமாகச் சொல்லி வந்துள்ளது. அங்ஙனமிருக்க, படத்தை ஆக்கியவரை மறைப்பது மட்டும் எவ்வாறு முற்போக்காகும்? எடுத்தவர் யார் என்ற வினா மறைந்தபின், எதற்காக எடுத்தார் என்ற வினாவும் எழுவதில்லை. துயரத்திற் பிறந்த படம் மதுப்போத்தலின் அருகே நிற்பதற்கு அதுவே வழிசமைக்கின்றது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். தடையின்றிப் பரவியமையாலன்றோ அப்படம் உலகறிந்த படமாயிற்று? உண்மையே. படம் புகழ்பெற்றமைக்காகப் பெல்ட்ரினெல்லியை மன்னிப்பதாகக் கோர்டாவே கூறினார். ஆனால் பரவலுக்குத் துணைசெய்தது கட்டணமின்மை, பெயரின்மை அன்று. சுவரொட்டியின் அடியில் ஒரு சிறு வரி இருந்திருப்பின் ஒருவரும் அதனை வாங்காது விட்டிருக்கமாட்டார்.

சட்டமும் இவ்விரண்டையும் வேறுபடுத்தியே நோக்குகின்றது. பேர்ண் உடன்படிக்கையில் 1928ஆம் ஆண்டுத் திருத்தம் ஆக்கியோனின் ஒழுக்க உரிமையைப் பொருளாதார உரிமையினின்றும் பிரித்து அங்கீகரித்தது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும், பொருளாதார உரிமை தம்மிடம் இல்லாத நிலையிலும், தம் பெயர் குறிக்கப்படும் உரிமையை ஆக்கியோருக்கு வழங்குகின்றது. பெயரிட்டால் மட்டும் அனுமதி பெற்றதாகிவிடாது என்பதையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். அனுமதி ஒரு கடமை. பெயரிடல் மற்றொரு கடமை.

இலங்கைத் தமிழரைப் பொறுத்தவரை இது கலைஞரின் உரிமை பற்றிய பிரச்சினை மட்டுமன்று. போரையும் இடப்பெயர்வையும் கண்ட ஒரு சமூகத்திற்குப் புகைப்படம் ஒரு சாட்சியம். எடுத்தவர், இடம், திகதி ஆகியன அற்ற படத்தை, எங்கோ எடுக்கப்பட்டது எனத் தட்டிக்கழித்தல் எளிது. வேறொரு நாட்டின் படத்தை இந்நாட்டினது எனத் தவறாகப் பகிரும் ஆர்வலர், உண்மையான படங்களின் நம்பகத்தையும் தம்மையறியாமலே குலைக்கின்றனர். எடுத்தவரின் உயிருக்குத் தீங்கு நேரும் எனின் பெயரை மறைத்தலே முறை. அந்நிலையிலும் பெயர் வேண்டுமென்றே விடப்பட்டுள்ளது எனக் குறித்தல் சாட்சியத்தின் மதிப்பைக் காக்கும்.

கருத்தரங்கக் கட்டுரையிற் கவிதையடி ஒன்றைப் பெயர் சுட்டாது எடுத்தாளும் மாணவரை விரிவுரையாளர் கண்டிப்பர். அதே கருத்தரங்கின் சுவரொட்டியில் யாரோ ஒருவரின் படம் பெயரின்றி அச்சாவதைக் கண்டிப்பார் இலர். படத்தைக் கொடுத்தே அதன் மூலத்தைத் தேடும் வசதி இன்று கைத்தொலைபேசியிலேயே உண்டு. தேடியும் கிடைக்காதவிடத்து, எடுத்தவர் அறியப்படவில்லை என எழுதலாம். பின்னர் அறிந்தவர் திருத்துவர். எடுத்தவர், இடம், காலம், பொருள் ஆகிய நான்கையும் ஒரே வரியில் அடக்கிவிட முடியும். எட்டுச் செய்திகள் வேண்டும் என்ற மரபில் வந்தோர்க்கு இந்நான்கும் பெருஞ்சுமையாகா. வளாகத்தில் அடுத்து அச்சாகும் சுவரொட்டியிலேயே அவ்வொரு வரி இடம்பெறுதல் வேண்டும்.