ஓடாத டெக்கும் கேட்காத நாடாவும்

மராந்த்ஸ் ரிசீவர் ஒன்றை வாங்கியவர் அதோடு நிறுத்திக்கொண்டதை நான் பார்த்ததில்லை. ரிசீவருக்கு ஏற்ற ஸ்பீக்கர், ஸ்பீக்கருக்கு ஏற்ற டர்ன்டேபிள், மலிவாக வந்த ஒரு கேசட் டெக், ‘பார்ட்ஸுக்கு ஆகும்’ என்று இன்னொரு டெக். கிள்ளான் பள்ளத்தாக்கில் இதற்கு வழி நிறைய. பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலின் வார இறுதிச் சந்தை இருக்கிறது. ஜப்பானிலிருந்து கொள்கலனில் பழம்பொருள் இறக்கும் கடைகள் இருக்கின்றன. கைபேசியைத் திறந்தால் விற்பனைப் படங்கள் வந்து விழுகின்றன. ஸ்டோர் அறை நிரம்புகிறது, பிறகு படுக்கையறை ஒன்று நிரம்புகிறது. தரைவீட்டை விற்று அடுக்குமாடிக்குப் போகும்போதோ, சேர்த்தவர் காலமான பிறகோதான் இதையெல்லாம் என்ன செய்வது என்று வீட்டில் பேச்சு எழும்.

கழித்துவிடு என்பதே இன்று எல்லோரும் தரும் பதில். ஜப்பானின் மரி கோண்டோ 2011இல் எழுதிய நூலும் 2019இல் வந்த நெட்ஃப்ளிக்ஸ் தொடரும் ஒரு சோதனையைப் பரப்பின: கையில் எடுத்துப் பார், மகிழ்ச்சி தந்தால் வைத்துக்கொள், இல்லையென்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடு. சுவீடனின் மார்கரேட்டா மாக்னுசன் எழுதி 2017இல் வெளிவந்த நூல் இன்னும் நேரடியானது. நாம் போன பிறகு பிள்ளைகள் நம் பொருள்களோடு மல்லுக்கட்டக் கூடாது, இருக்கும்போதே ஒழித்து வை என்கிறது அது. கழிக்க வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பு இல்லை. ஆனால் இந்த அளவுகோல்கள் ஒலிக்கருவிக்குப் பொருந்துவதில்லை. பொருந்தாத அளவுகோலை வைத்துக் கழிப்பதால் போகக் கூடாதது போய்விடுகிறது.

கழிப்பதன் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்கிறேன், சேகரிப்பாளர்கள் அதைக் காதில் வாங்க விரும்புவதில்லை என்பதால். ஓடாமல் கிடக்கும் கருவி பத்திரமாக இருக்கிறது என்பது வெறும் நம்பிக்கை. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்குள் இருக்கும் ஆக்சைடு படலம் மின்னழுத்தம் பட்டுக்கொண்டிருந்தால்தான் திடமாக இருக்கும். வருடக்கணக்கில் மின்சாரம் காணாமல் கிடந்தால் அது மெலிந்துவிடும். என்றோ ஒருநாள் சுவிட்சைப் போடும்போது மின்கசிவு ஏறிக் கெப்பாசிட்டர் சூடாகும், சில சமயம் வெடிக்கும். கோலாலம்பூரில் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. அந்தக் காற்றில் வால்யூம் கண்ட்ரோல் கரகரக்கிறது, இசைத்தட்டில் பூஞ்சை படர்கிறது, ஸ்பீக்கர் கோனைச் சுற்றியுள்ள ஃபோம் தொட்டாலே பொடிகிறது. எண்பதுகளின் கேசட் டெக்கைத் திறந்து பெல்ட்டை எடுக்கப் போனால் பல நேரம் அங்கே பெல்ட்டே இருக்காது. புல்லியின் பள்ளத்தில் கறுப்பாகத் தார்தான் இருக்கும். விரலில் ஒட்டினால் சோப்புக்குப் போகாது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் பள்ளம் பள்ளமாகத் துடைத்தெடுத்த பிறகுதான் புது பெல்ட்டை மாட்ட முடியும்.

‘பார்ட்ஸுக்கு ஆகும்’ என்ற வாதமும் இங்கேதான் அடிபடுகிறது. ஒரே மாடலில் மூன்று டெக் வைத்திருப்பவர் தனக்கு இரண்டு டெக் அளவுக்கு உதிரிபாகம் கையிருப்பில் இருப்பதாக நினைக்கிறார். ஆனால் முதலில் சாவது ரப்பரும் கெப்பாசிட்டரும். அவற்றுக்கு வயதாவது ஓட்டத்தால் மட்டும் இல்லை, காலத்தாலும்தான். மூன்று டெக்கும் ஒரே வருடத்தில் செய்தவை என்றால் மூன்றின் ரப்பரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் கெடும். உதிரிக்காக வைத்திருக்கத் தகுந்தவை ஹெட், மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர், இன்று தயாரிப்பில் இல்லாத ஐ.சி., குமிழ்கள். அவற்றைக் கழற்றிப் பெயர் எழுதி ஒரு டப்பாவில் போட்டால் முடிந்தது. அதற்காக முழு டெக் அலமாரியில் ஓர் அடி இடத்தைப் பிடிக்க வேண்டியதில்லை.

தயங்காமல் அனுப்பிவிடக்கூடிய இன்னொரு வகையும் நம் வீடுகளில் உண்டு. ஜப்பானின் உள்நாட்டு மாடல்கள் 100 வோல்ட்டில் இயங்குபவை. நமக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்ட்டை ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இறக்கிக் கொடுக்கும், ஹெர்ட்ஸை அது தொடாது. தோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60. ஒசாகா பக்கத்துப் புல்லியோடு வந்த பழைய சிங்க்ரோனஸ் மோட்டார் டர்ன்டேபிள் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்பது 27.8 ஆகிவிடும். பாட்டு ஏறக்குறைய ஒன்றரைக் கட்டை இறங்கி, சுசீலாவின் குரலே அடையாளம் தெரியாமல் போகும். 50 ஹெர்ட்ஸ் புல்லி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் அந்த டர்ன்டேபிளை வைத்திருப்பதில் பயன் இல்லை.

வெள்ளத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளமே மூழ்கியது. கீழ்த்தள ஸ்டோரில் அடுக்கிய எதுவும் அந்தத் தண்ணீருக்குத் தப்பாது. அவசரத்தில் கையில் எடுத்துக்கொண்டு மாடியேறக்கூடிய அளவுக்குள் சேகரிப்பு இருப்பது நம் ஊருக்கு நல்லது.

இனி மறுபக்கம். சேகரிப்பைக் குறைப்பது என்று கிளம்பினால் முதலில் போவது நல்ல கருவி. விற்பனைக்குப் போட்ட அன்றே ஓடும் டெக்குக்கு ஆள் வந்துவிடும், ஓடாததை யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் அறை பாதி காலியாகியிருக்கும், மீதி இருப்பதில் ஒன்றுகூடப் பாடாது. சேர்த்தவர் இறந்த வீட்டில் இது இன்னும் வேகமாக நடக்கிறது. வாங்க வந்தவர் டெக்கைத் தட்டிப் பார்த்து, ‘ஆன்ட்டி, இது ரோசாக், எல்லாத்தையும் மொத்தமா எடுத்துக்கிறேன்’ என்பார். துக்கத்தில் இருப்பவர் தலையாட்டிவிடுவார். டெக்கோடு சேர்ந்து கேசட் பெட்டியும் லாரி ஏறிவிடும்.

எனக்கு வலிப்பது அந்தப் பெட்டிதான். சினிமாப் பாட்டு எங்கேயும் கிடைக்கும். நம் வீட்டுக் கேசட்டில் இருப்பது வேறு எங்கேயும் இல்லாத ஒலி. தோட்டத்துக் கோயில் திருவிழாவின் உறுமி மேளம், கல்யாண வீட்டில் பாட்டி பாடிய நலங்கு, ரேடியோ 6 என்று இருந்து இன்று மின்னல் எஃப்.எம். ஆகியிருக்கும் ஆர்.டி.எம். தமிழ் வானொலியிலிருந்து யாரோ பதிவுசெய்த நாடகம், உள்ளூர்க் குழு சொந்தக் காசில் போட்ட பாடல்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நகரத்துக்கு வந்த குடும்பங்கள் வீடு மாறும்போதெல்லாம் எதையாவது விட்டுவிட்டே வந்திருக்கின்றன. அத்தனைக்கும் பிறகு மிஞ்சியது இந்தப் பெட்டி. கோண்டோவின் சோதனை இதில் வேலை செய்யாது. மேலே எதுவும் எழுதியிராத டிடிகே கேசட்டைக் கையில் எடுத்தால் மகிழ்ச்சி எப்படி வரும்? ஓடவிட்டுக் கேட்டால்தான் அது என்னவென்றே தெரியும், கேட்க ஓடுகிற டெக் ஒன்று வேண்டும்.

ஆகவே கருவியை அதன் விலையைக் கொண்டோ அழகைக் கொண்டோ மதிப்பிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. இந்த வீட்டில் இருக்கும் எந்தப் பதிவை இந்தக் கருவி மட்டுமே வாசிக்கும் என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் முடிவுகள் சந்தை விலைக்கு எதிராகக்கூட வரும். டெக்னிக்ஸ் எஸ்.எல்-1200 டர்ன்டேபிளுக்கு எப்போதும் கிராக்கி. ஆனால் 2010இல் நின்றுபோன அதன் உற்பத்தி 2016இல் திரும்பத் தொடங்கியது, 2019இல் வந்த எம்கே7 மலேசியாவிலேயே தயாராகிறது. புதிதாக வாங்க முடிகிற ஒன்றைத் தாராளமாக விற்கலாம். அதே வரிசையில் 1979இல் வந்த எம்கே2வில் 78 வேகம் கிடையாது. தாத்தா காலத்து 78 இசைத்தட்டு ஒரு கட்டு இருந்தால், யாரும் விலை கேட்காத மூன்று வேக கேரார்ட் சேஞ்சரை, அதற்கான அகல ஊசியோடு, வைத்துக்கொள்ள வேண்டும்.

கேசட்டுக்கு இது இன்னும் பொருந்தும். இன்று புதிதாக வரும் டெக்குகளின் உள்ளே எளிய இயந்திரம்தான் இருக்கிறது. எண்பதுகளின் நல்ல மூன்று-ஹெட் டெக்குக்கு ஈடு கடையில் இல்லை. வீட்டு டேப்ரெக்கார்டரில் ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்தால் பதிவும் அதே சாய்வோடு இருக்கும். நேரான ஹெட்டில் போட்டால் மேல் ஒலிகள் மங்கி, பேச்சில் ச, ஸ எல்லாம் தேய்ந்து கேட்கும். 1982இல் வந்த நாகமிச்சி டிராகன் அந்தச் சாய்வைத் தானே கண்டுபிடித்து ஹெட்டைத் திருப்பிக்கொள்ளும். டிராகன் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஹெட்டின் திருகாணியைக் கைக்கு எட்டும்படி வைத்த சாதாரண டெக் ஒன்றும், காதைத் தீட்டிக்கொண்டு அதைத் திருகுகிற ஒருவரும் போதும்.

வேலையின் வரிசையும் இதிலிருந்தே வரும். முதலில் நாடாக்களையும் தட்டுகளையும் பிரிப்பது. அடுத்து, ஒவ்வொரு வகைக்கும் ஓடுகிற ஒரு கருவியைச் சரிசெய்து, வேறெங்கும் கிடைக்காத பதிவுகளைக் கணினியில் ஏற்றுவது. கடைசியாகத்தான் விற்பனை. இதில் ஒரு குறையை நான் மறைக்கப் போவதில்லை. அறுபது நிமிடக் கேசட்டை ஏற்ற அறுபது நிமிடம் ஆகும், குறுக்குவழி எதுவும் உருப்படியான ஒலியைத் தருவதில்லை. நூறு கேசட் என்றால் மாதக்கணக்கில் வேலை. அதற்குள் வீட்டில் பொறுமை போய்விடும். ஆகவே குரல் இருக்கும் கேசட்டை முதலில் எடுங்கள், சினிமாப் பாட்டுக் கேசட்டைத் தொடாமலே விட்டுவிடலாம்.

மிஞ்சும் செத்த கருவிகளை என்ன செய்வது என்பதில்தான் நம் ஊர் நடைமுறை மோசம். மலேசியச் சட்டம் மின்னணுக் கழிவை 2005ஆம் ஆண்டு விதிமுறைகளில் எஸ்டபிள்யூ110 என்று அட்டவணையில் சேர்த்திருக்கிறது. வீட்டு வாசலுக்கு வருவதோ ஒலிபெருக்கி வைத்த ‘சூராட் காபார் லாமா’ (பழைய செய்தித்தாள்) லாரிதான். டிரான்ஸ்ஃபார்மரின் செம்புக்காக மட்டும் மதிப்புப் போட்டு, நல்ல ஹெட்டையும் மோட்டாரையும் சேர்த்து நசுக்கிவிடுவார்கள். பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் கேசட் கடைகள் ஜேஜே என்று நடந்த காலத்தில் தொழில் கற்ற பழுதுபார்ப்பவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. செத்த கருவி அவர்களுக்குத்தான் உண்மையில் பயன்படும், காசு கேட்காமல் அவர்களிடமே கொடுத்துவிடலாம். கொடுக்கும்போது எந்த வருடம் எந்தப் பகுதி மாற்றப்பட்டது, வோல்ட் எத்தனை, கடைசியாக எப்போது ஓடியது என்று ஒரு தாளில் எழுதிப் பின்பக்கம் ஒட்டுங்கள். மூடிக்குள் சர்க்யூட் படம் ஒட்டியிருந்தால் அதைக் கிழிக்காமல் விடுங்கள், சர்வீஸ் மேனுவல் இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள்.