அறுபது நிமிடக் கேசட்டில் அடங்காதவை

குடவோலைக் கல்வெட்டுக்குப் பெயர்போன உத்திரமேரூர் போன்ற சின்ன ஊர்களில், எண்பதுகளில் இளையராஜா ரசிகர்களின் தரவரிசை எழுதப்பட்டது ரெக்கார்டிங் கடையில்தான். நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாளில் ஏ பக்கத்துக்கு ஆறு, பி பக்கத்துக்கு ஆறு என்று பாட்டுகளை எழுதிக் கொடுப்பார்கள். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். பேராசைப்பட்டு ஏழாவது பாட்டைச் சேர்த்தால் சரணத்துக்கு முன்பே நாடா தீர்ந்துவிடும். எதை விடுவது? ‘ஜானி’யா, ‘நிழல்கள்’ளா? இரண்டும் 1980-இல் வந்தவை. டீக்கடை பெஞ்சில் அந்த வழக்கு லேசில் முடியாது.

இந்தத் தேர்வுகளில் அலசப்பட்டவை தனிப்பாட்டுகள். ஒரு தொகுப்பை முதலிலிருந்து கடைசிவரை ஒரே படைப்பாகக் கேட்டு எடைபோடும் பழக்கம் நம்மிடம் குறைவு. மேற்கே புரொகிரசிவ் ராக் ரசிகர்கள் அதைத்தான் செய்தார்கள். ‘யெஸ்’ குழுவின் ‘குளோஸ் டு தி எட்ஜ்’ (1972) இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு, பதினெட்டு நிமிடத்துக்கும் மேல். அதே ஆண்டு ‘ஜெத்ரோ டல்’ தந்த ‘திக் ஆஸ் எ பிரிக்’ இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே பாட்டு. இவற்றில் பிடித்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்தால் மிச்சம் ஒன்றுமில்லை.

தமிழில் அப்படி வெட்ட முடியாத தொகுப்பு 1986-இல் வந்தது: இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’. சினிமாவுக்கு எழுதியதல்ல. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கை ஆக்கப்பட்ட இதை ராக் என்று சொல்ல வாய் வராது; ஆனால் கேட்பவரிடம் அதே பொறுமையைக் கேட்கிறது, அதே அளவு திருப்பிக் கொடுக்கிறது. ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ துண்டில், பாக் தனி வயலினுக்கு எழுதிய ஈ மேஜர் பார்ட்டிடாவின் முன்னுரை ஓடுகிறது. அதைச் சுற்றி இளையராஜாவின் தந்திகள் நம்மூர் நடையில் எழும்புகின்றன. வி.எஸ். நரசிம்மனின் வில் ஓரிடத்திலும் தடுமாறவில்லை. பாக்கை வீட்டில் சந்தித்ததாகச் சொல்லும் தலைப்புக்கு அடுத்த தலைப்பு, அவரோடு பேசியதாகச் சொல்கிறது. முந்தையதைக் கேட்காமல் பிந்தையதைக் கேட்பது, பாதிப் பேச்சில் உள்ளே நுழைவது போல.

இந்த இசையைப் பலர் முதலில் கேட்டது தியேட்டரில். பாலுமகேந்திரா ‘வீடு’ (1988) படத்துக்குப் பின்னணியாக இதையே எடுத்துக்கொண்டார். பாதியில் நிற்கும் சுவர்களின் மீது அந்த வயலின் ஒலித்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது இன்றும் ‘வீடு மியூசிக்’தான்.

1988-இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலோடு ‘நத்திங் பட் விண்ட்’ வந்தது. எது முதலிடம் என்று இரண்டு கட்சிகள் உண்டு. குழலின் குளுமையில் மனம் சட்டென்று ஒட்டிக்கொள்ளும் என்பது உண்மை. ஆனாலும் முதலிடம் ‘ஹவ் டு நேம் இட்?’டுக்கே: பத்தாவது தடவை கேட்கும்போதும் அதில் புதிதாக ஒரு குரல் பிடிபடுகிறது.

மூன்றாவதாக 2005-இல் புடாபெஸ்ட் இசைக்குழுவோடு பதிவான ‘திருவாசகம்’. ஆறே பாட்டுகள், அவற்றில் ‘பொல்லா வினையேன்’ மட்டும் ஏறக்குறைய இருபது நிமிடம். மார்கழி விடியலில் கோயில் ஒலிபெருக்கியில் மாணிக்கவாசகரைக் கேட்டு வளர்ந்தவர்களில் சிலருக்கு ஆங்கில வரிகள் உறுத்தின. அந்தக் குறையில் நியாயம் உண்டு.

நேரடியாகவே கர்நாடக ராகத்தையும் ராக் கிடாரையும் சேர்த்தவர்கள் பெங்களூரின் ‘அகம்’ குழுவினர். முதல் தொகுப்பு 2012-இல் வந்தது. கேரளத்தின் ‘மதர்ஜேன்’ அதற்கு முன்பே ‘மக்தூப்’பில் கிடாரைக் கமகத்துக்குப் பழக்கியிருந்தது.

2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனி அரங்கேறியபோது ரசிகர்களின் பட்டியல்கள் மறுபடி கிளம்பின. பட்டியல் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: போனில் ஷஃபிளை அணைத்துவிட்டு, ‘ஹவ் டு நேம் இட்?’டை ஒரே மூச்சில் முதலிலிருந்து கேளுங்கள். அதன்பிறகு வரிசை போடுங்கள்.