நிர்ன் உலகின் வானம்: எல்டர் ஸ்க்ரோல்ஸ் விளையாட்டுத் தொடரில் கோள்களும் நிலவுகளும்

பெத்தெஸ்டா நிறுவனம் 1994 முதல் வெளியிட்டுவரும் எல்டர் ஸ்க்ரோல்ஸ் கணினி விளையாட்டுத் தொடரில் வானம் ஒரு தொன்மமாகவே புனையப்பட்டுள்ளது. நிர்ன் என்னும் உலகைச் சூழ்ந்த எட்டுக் கோள்களும், அவ்வுலகைப் படைக்கத் தம் ஆற்றலை ஈந்த எட்டுத் தெய்வங்களே. கோளுக்கு அதிதேவதை வகுக்கும் மரபை நாம் அறிவோம். இங்கோ கோளே தெய்வத்தின் உடல். படைப்புத் திட்டத்தை வகுத்த மேக்னஸ் பாதியில் விலகிச் சென்றபோது வானில் கிழித்த துளையே கதிரவன். விண்மீன்கள் அவனைப் பின்தொடர்ந்தோர் இட்ட சிறு துளைகள்.

மாசர், செகுண்டா என்னும் இரு நிலவுகளே நம் கருத்தை மிகுதியும் ஈர்க்கின்றன. 2002ஆம் ஆண்டின் மோரோவிண்டில் விளையாடுவோர் கண்டெடுக்கும் ஏடொன்று, அவை வீழ்த்தப்பட்ட லோர்கானின் பிளவுண்ட உடல் என்கிறது. படைப்பைத் தூண்டியவனின் பிணம் இரவுதோறும் வளர்ந்து தேய்கிறது! கஜீத் எனும் பூனையின மக்களோ, தாம் பிறந்த வேளையில் இருந்த நிலவுகளின் பிறைநிலைக்கேற்ப உருவம் பெறுகின்றனர்.

நம் குறை இங்குதான் எழுகிறது. 2011இல் வந்த ஸ்கைரிமில் நிலவுகள் அழகுற வளர்ந்து தேய்கின்றன; ஆயினும் நாம் சந்திக்கும் கஜீத்துகள் அனைவரும் ஒரே உருவினர். ஏடு விதித்ததைக் காட்சி மறந்துவிடுகிறது. உடலை எழுதும் வானம் வெறும் அணியாகச் சுருங்கிவிடுகிறது. தொழில்நுட்பச் செலவே இதற்குக் காரணமாகலாம். எனினும் புனைவின் விதி முறிந்தது முறிந்ததே. 2019இல் இணையவழி விளையாட்டின் எல்ஸ்வெயர் விரிவாக்கம் வந்த பின்னரே, வீட்டுப்பூனை அளவினரும் பிறரைச் சுமக்கவல்ல பேருருவினரும் நம் கண்முன் உலவினர்.