கஷ்டம் கற்பிக்கும் படகுகள்

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் அடங்கும். குழித்தறியின் பள்ளத்தில் தண்ணீர் ஊறும், பாவில் ஈரம் ஏறும், பட்டு இழை சொன்னபடி கேட்காது. குழியை இறைத்துவிட்டு வெயிலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். காத்திருக்கும் நாளுக்குக் கூலி கிடையாது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் தண்ணீரை அறிந்திருப்பது பெரும்பாலும் இப்படித்தான். பாலாறு அவர்களுக்கு மணல்வெளி. வேகவதி, ஊர்க் கழிவைச் சுமக்கிற வாய்க்கால். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு இருந்த கடற்கரையும் அதோடு போய்விட்டது.

நகரத்து ஏழைப் பிள்ளைகளைத் துடுப்புப் படகில் ஏற்றிக் காட்டு நீர்நிலைகளுக்குக் கூட்டிப்போகும் பழக்கத்தைப் பற்றி இந்த ஊரில் இருந்துகொண்டு பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகள் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. அந்தப் பணம் இப்போது பள்ளிக் கழிப்பறைக்கும் கணினிக்கும் போகிறது. சாகச முகாம் பக்கம் அது திரும்ப அதிக நாள் ஆகாது. ஆரஞ்சு நிற அங்கி மாட்டிய பிள்ளைகள் நீல நீரில் துடுப்புப் போடும் படம் எந்த ஆண்டறிக்கைக்கும் அழகு சேர்க்கும். அந்தப் பணம் வருவதற்குள் இந்தப் பழக்கத்தை எடைபோட்டு வைத்துக்கொள்வது நல்லது.

பழக்கம் வேரூன்றிய இடம் வட அமெரிக்கா. மின்னசோட்டா மாநிலத்தில் கனடா எல்லையை ஒட்டி ‘பவுண்டரி வாட்டர்ஸ்’ என்ற காப்புவனம் இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள். பெரும்பகுதியில் மோட்டார் படகுக்கு அனுமதி இல்லை. ஓர் ஏரி முடிந்ததும் கேனோ படகைத் தோளில் கவிழ்த்துச் சுமந்துகொண்டு அடுத்த ஏரி வரை நடக்க வேண்டும். ஒரு குழுவில் ஒன்பது பேருக்கு மேல் கூடாது என்பது விதி. நகரத்தின் வசதியற்ற பகுதிகளிலிருந்து பையன்களையும் பெண்களையும் இப்படிப்பட்ட இடங்களுக்கு அழைத்துப்போகும் அமைப்புகள் அங்கே பல பத்தாண்டுகளாக இயங்குகின்றன.

இவற்றின் மூலக் கருத்து 1941இல் வேல்ஸ் கடலோரத்தில் அபர்டவி என்ற ஊரில் தொடங்கிய ‘அவுட்வர்ட் பவுண்ட்’ பள்ளியிலிருந்து வந்தது. ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு பிரிட்டன் வந்த கல்வியாளர் குர்ட் ஹானும், ப்ளூ ஃபனல் கப்பல் கம்பெனியின் லாரன்ஸ் ஹோல்ட்டும் சேர்ந்து தொடங்கியது. போரில் கப்பல் மூழ்கி உயிர்காப்புப் படகில் இறங்கியவர்களில், வயதான மாலுமிகள் தாக்குப்பிடிக்கிறார்கள், வாலிபர்கள் முதலில் மடிகிறார்கள் என்பது ஹோல்ட்டின் கவலை. ஹானுக்கோ அந்தக் கவலை இன்னும் அகலமானது. இன்றைய இளைஞனுக்கு உடல் வலு, தன்முனைப்பு, கட்டுப்பாடு, இரக்கம் எல்லாம் தேய்ந்துகொண்டே போகின்றன என்று அவர் நம்பினார். கடலும் மலையும் கடுமையும் அதற்கு மருந்து.

யாருக்காக எழுதப்பட்ட சீட்டு இது என்பதைக் கவனிக்க வேண்டும். நோயாளி, சொகுசில் தளர்ந்தவன் என்று மருத்துவர் முடிவு செய்திருக்கிறார். பின்னால் அமெரிக்காவில் இதே சீட்டு சேரிப் பையன்களுக்கும் சிறார் குற்ற வழக்கில் சிக்கியவர்களுக்கும் நீட்டப்பட்டது. நோய் வேறாக இருந்தாலும் மருந்து மாறவில்லை.

மருந்து வேலையே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1960களின் பிற்பகுதியில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வழக்கில் சிக்கிய 120 பையன்களை இரண்டாகப் பிரித்து, 60 பேரை அவுட்வர்ட் பவுண்டுக்கும் 60 பேரை வழக்கமான சீர்திருத்த முறைக்கும் அனுப்பினார்கள். ஓராண்டு கழித்து மறுபடி தவறிழைத்தவர்கள் முதல் குழுவில் 20 சதவீதம், இரண்டாவதில் 42 சதவீதம். ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது இந்த இடைவெளி சுருங்கியிருந்தது. 1997இல் ஜான் ஹாட்டியும் மூன்று சக ஆய்வாளர்களும் 96 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், இத்தகைய பயணங்களின் பலன் பயணம் முடிந்த பிறகும் கூடுவது தெரிந்தது. கல்வித் திட்டங்களில் இது அபூர்வம். வகுப்பறைப் புதுமைகளின் பலன் பெரும்பாலும் கரைந்துவிடும். ஆனால் அதே தொகுப்பு இன்னொன்றும் சொல்கிறது. இருபது நாளுக்கு மேல் நீண்ட பயணங்கள்தான் நன்றாகப் பலித்தன. வயது வந்தவர்களுக்குப் பலித்த அளவு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பலிக்கவில்லை. நம்மூரில் யாராவது இதைச் செய்தால் மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள். பலித்தது ஒரு மருந்தளவு, கொடுக்கப்போவது இன்னொன்று.

பலனுக்குக் காரணம் காடா, கஷ்டமா, கூட வந்த மனிதர்களா என்பதைப் பிரித்துப் பார்ப்பது கடினம். என் கணிப்பில் படகின் அமைப்பே பாதிக் காரணம். கேனோவில் முன்னால் இருப்பவன் வேகம் தருகிறான், பின்னால் இருப்பவன் திசை தருகிறான். ஒருவன் முரண்டு பிடித்தால் படகு சுற்றிச் சுற்றி வரும். ஆசிரியர் திட்டத் தேவையில்லை, மதிப்பெண்ணும் தேவையில்லை. செய்ததன் விளைவு அப்போதே கண்ணெதிரே தெரிகிறது. நம் பள்ளிகளில் இந்த அனுபவம் கிடையாது.

நம்மைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய வலிமை ஒன்று உண்டு. மேலை ஆய்வுகள் அதைத் தேடியதில்லை. தேட அவர்களுக்குத் தேவையும் இல்லை. நெசவுத் தெருப் பிள்ளையும் காலனிப் பிள்ளையும் ஒரே படகில் உட்கார்ந்து, ஒரே சட்டியில் பொங்கி, ஒரே கூடாரத்தில் படுப்பது. பள்ளியில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தாலும் மாலையில் தெரு அவர்களைப் பிரித்துவிடுகிறது. தெருவே இல்லாத இடத்தில் சில நாள் வாழ்வது சின்ன விஷயம் அல்ல. சாகசப் பயணத்துக்கு ஆதரவாக ஒரே ஒரு வாதம்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

இனிக் குறைக்கு வருவோம். கஷ்டம் மனிதனை உருவாக்கும் என்ற நம்பிக்கையைக் கண்ணை மூடிக்கொண்டு கடைப்பிடித்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1978 ஜூன் 11 சாட்சி. கனடாவின் டெமிஸ்கமிங் ஏரியில், ஒன்டாரியோவின் செயின்ட் ஜான்ஸ் பள்ளி 27 பையன்களையும் 4 தலைவர்களையும் நான்கு கேனோக்களில் அனுப்பியது. முதல் நாளே, காற்றிலும் அலையிலும் படகுகள் கவிழ்ந்தன. உயிர்காப்பு அங்கி போட்டிருந்தார்கள். அங்கி மிதக்க வைத்தது, பனிநீரின் குளிர் கொன்றது. 12 பையன்களும் ஒரு தலைவரும் இறந்தார்கள். அவர்கள் வசதியற்ற வீட்டுப் பிள்ளைகள் அல்ல. ஆனால் பள்ளியின் கொள்கை இதே கொள்கைதான்: பாடுபட்டால் பையன் ஆளாவான். எச்சரிக்கையைக் கோழைத்தனமாகப் பார்க்க அந்தக் கொள்கை இடம் தருகிறது.

நமக்குக் கொள்கைகூடத் தேவைப்படுவதில்லை, அலட்சியமே போதும். 2007 பிப்ரவரியில் கேரளத்தின் தட்டேக்காட்டில் பள்ளிச் சுற்றுலாப் படகு மூழ்கி 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் இறந்தார்கள். 2024 ஜனவரி 18 அன்று வடோதராவின் ஹர்ணி ஏரியில் அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள்; எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி தரப்படவில்லை. இரண்டும் சாகசப் பயணம் அல்ல, சாதாரண உலா. இந்தியாவில் ஆண்டுக்கு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கிச் சாகிறார்கள். நீச்சல் தெரியாத பிள்ளையைப் படகில் ஏற்றுகிறவர், வேறு எந்தப் பலனையும் பேசும் தகுதியை அந்த இடத்திலேயே இழக்கிறார்.

பாதுகாப்பைச் சரிசெய்துவிடலாம், பணமும் பயிற்சியும் போதும். சரிசெய்ய முடியாதது, பிள்ளைக்குள்தான் குறை இருக்கிறது என்ற அந்தப் பழைய எண்ணம். பிள்ளையார்பாளையத்தில் அது அபத்தமாகிவிடுகிறது. காஞ்சிபுரம் சேலையின் கோர்வையை எடுத்துக்கொள்ளுங்கள். உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் சேர மூன்று நாடா ஓட வேண்டும். ஒருவர் கையால் ஆகாது. நெசவாளர் நடுவில் இருக்க, பக்கத்தில் இன்னொருவர் கரை நாடாவை வீச வேண்டும். அந்த இன்னொருவர் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளையாகவே இருந்தார். தாளம் தப்பினால் கோர்வை தப்பும். கூட்டு உழைப்பு, பொறுமை, சொன்ன வேலையை முடிப்பது என்று சாகசக் கையேடுகள் அடுக்குகிற குணங்களையெல்லாம் அந்தப் பிள்ளை எட்டு வயதில் கற்றுவிட்டது. கற்றதற்கு விலையாகப் பள்ளியைக் கொடுத்தது.

2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் இந்தியப் பட்டுத்தொழிலின் கொத்தடிமைச் சிறுவர்களைப் பற்றி அறிக்கை வெளியிட்டபோது காஞ்சிபுரமும் அதில் இருந்தது. முன்பணம் வாங்கிய வீட்டின் பிள்ளை தறியோடு கட்டுண்டது. அதற்குப் பிறகு நிலைமை மிகவும் மாறியிருக்கிறது. சிறப்புப் பள்ளிகள், கல்வி உரிமைச் சட்டம், நெசவே வேண்டாம் என்று பெற்றோர் எடுத்த முடிவு எல்லாம் சேர்ந்து மாற்றின. அந்தப் பையன்களின் தம்பிகள் இன்று ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். கஷ்டம் போதாமல் கெட்டவர்கள் என்று இவர்களில் யாரைச் சொல்வது? இவர்களுக்குக் கிடைக்காமல் போனது விளையாட்டு, வெளி, வெறுமனே இருக்கிற நேரம்.

ஆகவே படகுப் பயணத்தை நான் எதிர்க்கவில்லை, அதற்குச் சொல்லப்படும் காரணத்தை எதிர்க்கிறேன். ஒரு பிள்ளை தண்ணீரில் போவது நன்றாக இருக்கிறது என்பதே போதுமான காரணம். பணக்கார வீட்டுப் பிள்ளை கொடைக்கானலில் படகு விட்டால் அதன் குணம் எத்தனை சதவீதம் உயர்ந்தது என்று யாரும் அளப்பதில்லை. ஏழைப் பிள்ளையின் மகிழ்ச்சிக்கு மட்டும் ஆய்வறிக்கை கேட்கிறோம்.

காரணத்தை மாற்றினால் நடைமுறையும் மாறும். முதலில் காலம். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வேலை செய்வதைத் தடுக்கிறது. ஆனால் பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று விலக்கும் அளிக்கிறது. கோடை விடுமுறையில் பயணம் வைத்தால், தறியில் ஓர் ஆள் குறைகிற வீடு பிள்ளையை அனுப்பாது. அனுப்புவது சற்று வசதியான வீடுதான். யாருக்காகத் திட்டமோ அவர்கள் விட்டுப்போவார்கள். தவிர, கோடையில் நம் ஏரிகளில் தண்ணீர் இருக்காது. ஏரி நிறைந்து மழை ஓய்ந்து நிற்பது தையிலும் மாசியிலும். அப்போது வாரக் கடைசி நாட்களில், பல மாதம் தொடர்ந்து போகலாம். ஐந்து நாள் ஒரேயடியாகப் போவதைவிட இது தறி வீட்டுக்கு ஒத்துவரும். பெண் பிள்ளைகளுக்கும் ஒத்துவரும். இரவுத் தங்கல் என்றதும் வீட்டில் முதலில் நிறுத்தப்படுவது அவர்கள்தான்.

அடுத்தது இடம். மின்னியாபொலிஸ் நகரில் 1978 முதல் இயங்கும் ‘வில்டர்னஸ் இன்குவைரி’ பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்துப்போவதோடு நிற்கவில்லை; பெரிய கேனோக்களை வண்டியில் ஏற்றி நகரத்து ஆறுகளுக்கே கொண்டுவந்து துடுப்புப் போட வைக்கிறது. அந்தப் பழக்கத்தில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பகுதி இது. வாலாஜாபாத் பக்கம் தென்னேரி கடல்போல் கிடக்கிறது. அதில் மதகு எது, கலங்கல் எது, எந்தக் காற்றுக்கு எங்கே அலை எழும் என்பது அங்கே வலை வீசுகிறவர்களுக்குத் தெரியும். சென்னையிலிருந்து வரும் முகாம் பயிற்சியாளருக்கு அது தெரியாது.

யார் கற்பிப்பது என்பதற்கும் பக்கத்திலேயே முன்மாதிரி உண்டு. கோவளத்தில் மீனவரான மூர்த்தி மேகவன் 2012இல், தொழிலதிபர் அருண் வாசுவின் துணையோடு, குப்பத்துப் பிள்ளைகளுக்கு அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கினார். குடி கூடாது, புகை கூடாது, அலைச்சறுக்கு மட்டும் என்பது அதன் விதி. இங்கேயும் குணம் திருத்தும் வாடை இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் சொல்பவர் அதே குப்பத்து அண்ணன், நாளைக்கும் அங்கேதான் இருப்பார். கடலும் அந்தப் பிள்ளைகளின் வாசலில் இருக்கிறது. போய்விட்டுத் திரும்பும் பயணமாக இல்லாமல் அது அன்றாடமாகியிருக்கிறது. பிள்ளையார்பாளையத்துக்கு அலை கிடையாது; அண்ணன்மார் உண்டு.

நிதியோடு வருகிறவர்களிடம் ஊர் கேட்க வேண்டியது இவ்வளவுதான். முதல் ஆண்டு எல்லாப் பிள்ளைக்கும் நீச்சல். இரண்டாம் ஆண்டு தென்னேரியில் துடுப்பு, ஏரியில் தொழில் செய்கிறவர்களுக்குச் சம்பளம் கொடுத்து. விரும்புகிறவர்களுக்கு மூன்றாம் ஆண்டு பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்கு ஒரு பயணம். இந்த வரிசைக்கு மூன்று ஆண்டு பணம் தர மனமில்லாதவர்கள் ஐந்து நாள் முகாமுக்கும் தர வேண்டாம்.