மங்கலதேவி கண்ணகி கோட்டம்: மூணு கேள்விகளைப் பிரித்துப் பார்ப்போம்

சித்திரை பௌர்ணமி நெருங்கினாலே கூடலூர், கம்பம் பக்கம் ஒரு வாசகம் கிளம்பிவிடும்: "சேரன் செங்குட்டுவன் கட்டிய, ரெண்டாயிரம் வருஷப் பழமையான கண்ணகி கோயில்." கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுக்குள்ள மூணு கேள்விகள் ஒண்ணாச் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கு. கண்ணகி ஏறிய மலை இதுவா? செங்குட்டுவன் கோயில் எடுத்தது இங்கேயா? இப்போ நிற்கிற கல் அவன் காலத்ததா? மூணுக்கும் ஒரே பலம் கிடையாது.

முதல் கேள்விதான் வலுவானது. புலவர் சி. கோவிந்தராசனார் 1963இல் இந்த இடத்தை அடையாளம் காட்டினார். சிலப்பதிகாரத்தில் கண்ணகி மதுரையிலிருந்து வையைக் கரையோடு மேற்கே போய் மலை ஏறுகிறாள். செங்குட்டுவனுக்குக் குறவர்கள் அந்தச் சேதியைச் சொல்வது பேரியாற்றங்கரையில். பளியன்குடி வழியா ஆறு கிலோமீட்டருக்கு மேல் ஏறி உச்சியில் நின்றப்ப இதோட அர்த்தம் எனக்குப் புரிஞ்சது. ஒரு பக்கம் கம்பம் பள்ளத்தாக்கு, அதன் தண்ணீர் வைகைக்கு. மறுபக்கம் பெரியாற்றுக் காடு. ரெண்டு ஆற்றுக்கும் நடுவில் உள்ள முகடு இது.

ஆனா ஒரு இடைவெளி இருக்கு. வைகையின் மூல ஓட்டம் வருசநாட்டு மலைக்குப் போகுது. கம்பம் பக்கம் வர, தேனிக்கு அருகே சுருளியாற்றுக்குக் கிளை பிரியணும். அந்தத் திருப்பத்தைக் காப்பியம் சொல்லலை.

ரெண்டாவது கேள்விக்கு எல்லாரும் காட்டுவது "மங்கல மடந்தை கோட்டம்" என்ற பெயர். பெயர்ப் பொருத்தம் அழகானதுதான். ஆனா அதே இடத்தில்தான் செங்கோடு என்ற சொல்லும் வருது; அதைப் பிடித்துத் திருச்செங்கோடு என்று சொன்னவர்களும் உண்டு. ஒரே வரி ரெண்டு கட்சிக்கும் சாட்சி சொன்னா, அதைத் தீர்ப்பாக எடுத்துக்க முடியாது.

மூணாவதில் எனக்குச் சந்தேகமே இல்லை, பதில் 'இல்லை'தான். இலங்கைக் கயவாகுவை வைத்துச் செங்குட்டுவனைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டு என்கிறோம். தமிழ்நாட்டில் கருங்கல்லில் கோயில் எடுப்பது 7ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் தொடங்குது. கேரளச் சுற்றுலாத் துறையே இதைப் பாண்டியர் பாணி என்றுதான் எழுதுது. கீழே பழைய அடித்தளம் இருக்கலாம். அதைத் தோண்டிப் பார்த்துத்தான் சொல்லணும்.

இது வெறும் தேதிச் சண்டை இல்லீங்க. "செங்குட்டுவன் கட்டியது" என்ற வாசகம் கோயிலை எல்லைத் தகராறின் பட்டா மாதிரி ஆக்கிடுது. ரெண்டு மாநிலமும் பாதைக்கும் உரிமைக்கும் வாதாடுது. இடிஞ்ச சுவர் இடிஞ்சபடியே கிடக்குது. அந்த ஒரு நாளில் தமிழ், மலையாள அர்ச்சகர்கள் தனித்தனிச் சந்நிதியில் பூசை பண்றாங்க. வெயிலில் ஏறி வர்ற பெண்கள் மஞ்சக் கயிறும் வளையலும் வாங்கிட்டு இறங்குறாங்க. யார் கட்டியதுன்னு அங்கே யாரும் கேட்கிறதில்லை. மட்டக்களப்பில் கண்ணகி அம்மனாகவும், சிங்களரிடம் பத்தினி தெய்வமாகவும் அவள் வாழ்வதற்கு எந்த மலையின் சான்றிதழும் தேவைப்படலை.

திருவிழாவுக்கு வரலாற்றுச் சான்று தேவையில்லை. கட்டடத்துக்குத்தான் தேவை. ஆகவே கேட்க வேண்டியது இன்னொரு போஸ்டர் இல்லை: கல்வெட்டுகளை முழுசாப் படித்துப் பொதுவில் வைக்கிறதும், ரெண்டு மாநிலத் தொல்லியல் துறையும் சேர்ந்து செய்யும் ஒரு அகழாய்வும்தான்.