மாரிஸின் பசுங்காடு

'இயற்கைக்கு மாறானது' என்று சட்டமும் சமயமும் ஒதுக்கிய காதலை, இயற்கை எழுத்துக்குள்ளேயே தேடிப் படிக்கும் ஆய்வுமுறை பால்புதுமைச் சூழலியல். கேட்ரியோனா மார்டிமர்-சாண்டிலாண்ட்ஸும் புரூஸ் எரிக்சனும் 2010இல் தொகுத்த நூல் இத்துறையின் அடிப்படை நூல்களில் ஒன்று. அந்தப் பார்வைக்கு வெகுவாக இடம் கொடுக்கும் நாவல் ஈ. எம். ஃபார்ஸ்டரின் 'மாரிஸ்'. 1913-14இல் எழுதப்பட்ட இந்நாவலை ஃபார்ஸ்டர் நண்பர்கள் சிலருக்கு மட்டுமே காட்டினார். அவர் மறைந்த மறு ஆண்டு, 1971இல்தான் அது அச்சேறியது.

லண்டன் பங்குத் தரகன் மாரிஸ் ஹாலும் வேட்டைக் காவலன் அலெக் ஸ்கடரும் காதலர்கள். ராபின் ஹுட் கதைகளில் சட்டத்துக்குத் தப்பியவர்கள் வாழ்ந்த பசுங்காடுதான் அவர்களுடைய புகலிடமும். வியப்பு என்னவென்றால், அந்தக் காட்டுக்குள் வாசகர் ஒருமுறைகூட நுழைவதில்லை. தோட்டம், புதர், படகு வீடு என்று அதன் ஓரங்கள் மட்டுமே காட்டப்படுகின்றன. ஃபார்ஸ்டரின் கைத்திறன் இங்கேதான் துலங்குகிறது. இருட்டில் தோட்டத்தில் உலாவிவிட்டு வரும் மாரிஸின் தலையெல்லாம் ஈவ்னிங் பிரிம்ரோஸ் பூவின் மஞ்சள் மகரந்தம். வீட்டார் கண்ணில் அது படுகிறது. அதற்கு என்ன பொருள் என்று யாருக்கும் விளங்குவதில்லை. கடைசி அத்தியாயத்தில், பழைய காதலன் கிளைவிடம் பேசிக்கொண்டிருந்த மாரிஸ் இருளில் மறைந்துபோகிறான். நின்ற இடத்தில் அதே பூவின் இதழ்கள் சிறு குவியலாகக் கிடக்கின்றன. மனோவசியக்காரர் மாற்ற முயன்ற ஒருவனைக் காடு எப்படி ஏற்றுக்கொள்கிறது என்பதைச் சொல்ல அவ்வளவே போதுமானதாக இருக்கிறது.

ஆண்டுகள் கழித்து மாரிஸின் தங்கை கிட்டி, மரம்வெட்டிகளாக வாழும் இருவரையும் சந்திப்பதாக ஒரு பின்னுரையும் முதலில் இருந்தது. அதை ஃபார்ஸ்டர் நீக்கினார். நீக்கியது நல்லதே: காட்டு வாழ்க்கையை விவரித்திருந்தால் கூலி, குளிர், குடிசை என்று அதற்குக் கணக்குக் காட்ட வேண்டியிருந்திருக்கும். அலெக்குக்குக் காடு ஏற்கெனவே வேலையிடம்; அதில் வேட்டையாடும் உரிமை எசமானர்களுடையது. இந்த வர்க்க வேறுபாட்டை நாவல் மறைக்கவில்லை என்றாலும் முழுவதும் தீர்க்கவும் இல்லை.

காட்டை உடைமையாக வைத்திருப்பதன் சங்கடம் ஃபார்ஸ்டருக்குப் பின்னாளில் நேரடியாகவே தெரிந்தது. இந்தியா பற்றிய நாவலின் வருமானத்தில் சர்ரேயில் ஒரு சிறு தோப்பை வாங்கினார். பிளாக்பெர்ரி பறிக்க வருவோரைப் பார்த்து எரிச்சலுறும் சொத்துக்காரனாகத் தாம் மாறியதை 1926இல் ஒரு கட்டுரையாக எழுதினார்.

1960இல் 'மாரிஸு'க்கு எழுதிய முடிவுக் குறிப்பில், ஓடி ஒளிய இங்கிலாந்தில் இனிக் காடே இல்லை என்றார். இரு உலகப் போர்களும் நாட்டின் மூலைமுடுக்கையெல்லாம் ஒழுங்குக்குள் கொண்டுவந்துவிட்டன என்பது அவர் சொன்ன காரணம். ஆண்களிடையேயான உறவைக் குற்றமாக்கிய சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1967இல் தளர்ந்தது.